பெயர் இல்லாத சரக்கும் சரக்குதான்!



இந்தப் பக்கங்களில் வழக்கமாக ஜி.எஸ்.டி. கணக்கு, தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், கடை வாடகை என்று நம் அன்றாடத் தலைவலிகளைப் பற்றித்தான் எழுதுவோம். இந்த மாதம் நான் எழுத வந்திருப்பது வேறு ஒன்று. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் பழைய வீட்டு வண்டிகளைப் பற்றி எழுதப் போகிறேன். "மளிகைக் கடைக்காரனுக்கும் அமெரிக்க வண்டிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒரு பொருளைப் பார்த்த மாத்திரத்தில் அது என்ன, எந்தப் பட்டத்துச் சரக்கு, உள்ளே நல்லதா சொத்தையா என்று கண்டுபிடிப்பதுதான் நம் தொழில். கடல் கடந்து போன இடத்தில் அந்தத் தொழிலறிவு ஒரு முறை எனக்குக் கை கொடுத்தது. இன்னொரு முறை நானே அதைக் கைவிட்டுவிட்டேன். அந்த இரண்டாவது விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டி என்றால் எந்த வண்டி?

நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டி நெல் மூட்டை, கரும்பு, செங்கல் ஏற்றுகிறோம். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டையே டிரெய்லராகப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படுகிறார்கள். படுக்கை, அடுப்பு, பனிக்கட்டிப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். இங்கிலாந்தில் இதைக் கேரவன் என்பார்கள். நம் ஊர் சினிமாப் படப்பிடிப்புகளில் நிற்கும் கேரவனும் அங்கிருந்து பெயரைக் கடன் வாங்கியதுதான்.

2022 கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மோட்டார் கம்பெனியில் வேலை. அவருக்கு வெகுநாளாக ஒரு பழைய டிரெய்லர் வாங்கிக் குழந்தைகளோடு ஏரிக்கரைகளில் போய்த் தங்க வேண்டும் என்று ஆசை. அவரோடு வண்டி பார்க்கப் போனபோதுதான் இந்த உலகம் எனக்கு அறிமுகமாயிற்று. அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன், போய்ப் பார்த்தேன்.

மளிகைக் கடையில் பிறந்த பெயர்கள்

எனக்கு முதலில் சிரிப்பை வரவழைத்தது அவர்கள் வண்டிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள். 1930களில் வந்த நீளமான, முனை மழுங்கிய வண்டிகளுக்கு 'ரொட்டி' என்று பெயர். 1940களின் கடைசி முதல் 1960கள் வரை வந்த, முன்னும் பின்னும் வளைந்த வண்டிகளுக்கு 'இறைச்சி டப்பா' என்று பெயர். பன்றித் தொடை இறைச்சியை அடைத்து விற்கும் தகர டப்பாவைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால் அதே உருவம் வரும். 1960களின் கடைசியில் வந்த கண்ணாடி இழை வண்டிகளுக்கு 'முட்டை' என்று பெயர். இருவர் படுக்க மட்டும் இடமும், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடையும் உள்ள மிகச் சிறிய வண்டிக்குக் 'கண்ணீர்த் துளி' என்று பெயர். இந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாப் பெயர்களும் நம் கடை அலமாரியிலிருந்து எடுத்தவைதான்!

சம்பந்தம் இன்னும் பழையது. 1919ல் புளோரிடா மாநிலம் டாம்பா நகரில் இப்படி ஊர் சுற்றுகிறவர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதன் பெயர் 'தகர டப்பாச் சுற்றுலாக்காரர்கள்'. டப்பா உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் அவர்கள். காரின் ரேடியேட்டர் மூடியில் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதுதான் உறுப்பினர் அடையாளம்.

இவர்களால் உள்ளூர் வணிகர்களிடையே ஒரு பெரிய வாக்குவாதமே நடந்தது. 1920களின் தொடக்கத்தில் பல அமெரிக்க ஊர்களில் நகராட்சியே இலவசமாக முகாம் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. அதற்கு ஆதரவாக நின்றவர்களில் அந்தந்த ஊர் கடைக்காரர்கள் முக்கியமானவர்கள். வருகிறவன் ரொட்டி, பால், முட்டை, பெட்ரோல் எல்லாம் நம்மிடம்தானே வாங்கியாக வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு. விடுதி நடத்துகிறவர்களுக்கோ வயிற்றெரிச்சல். டென்வர் நகரின் ஓவர்லாண்ட் பூங்கா முகாமுக்குள் மளிகைக் கடையே இருந்தது. பிறகு கையில் காசில்லாதவர்களும் வந்து மாதக் கணக்கில் தங்கத் தொடங்கியதும், பல ஊர்கள் கட்டணம் விதித்தன. இலவசமாகக் கொடுத்து வாடிக்கை பிடிப்பதில் உள்ள லாபமும் நஷ்டமும் எல்லா நாட்டு வணிகருக்கும் ஒன்றுதான்.

கொல்லைப்புறத்தில் பிறந்த தொழில்

இந்த வண்டித் தொழிலைப் பெரிய முதலாளிகள் யாரும் தொடங்கவில்லை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கொல்லைப்புறத்திலும் கார் கொட்டகையிலும் சுத்தியலோடு நின்ற சாதாரணக் குடும்பஸ்தர்களே தொடங்கினார்கள்.

டெட்ராய்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒருவர் இருந்தார். நுண்கிருமி ஆய்வு அவர் தொழில். 1920களின் கடைசியில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போக ஒரு கூடார வண்டி வாங்கினார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்றார்கள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் சொன்னபடி விரியவில்லை. குடும்பமே நனைந்தது. அந்தக் கடுப்பில் கட்டையும் பலகையும் கொண்டு ஒரு பெட்டி வண்டியைத் தன் குடும்பத்துக்காக உருவாக்கினார். பார்த்தவர்கள் "எங்களுக்கும் ஒன்று வேண்டும்" என்றார்கள். 1930 ஜனவரியில் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் வைத்தார். அந்த ஒரே ஆண்டில் 118 வண்டிகள் விற்றன. 'கவர்டு வேகன்' என்ற அவருடைய கம்பெனி 1936 வாக்கில் அந்தத் தொழிலிலேயே மிகப் பெரியதாக இருந்தது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் வாலி பையாம் என்பவர் ஒரு பழைய ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மீது பலகை அடித்து வண்டி செய்தார். அதை எப்படிச் செய்வது, 100 டாலருக்குள் எப்படி முடிப்பது என்று பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் கேட்கக் கேட்க, வரைபடத்தைத் தபாலில் 1 டாலருக்கு விற்றார். முதலில் அவர் விற்ற சரக்கு வண்டியல்ல, வண்டி செய்யும் வழி! பிறகு 1931ல் கல்வர் சிட்டியில் பட்டறை போட்டார். இன்று உலகம் முழுவதும் தெரிந்த ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி அதுதான். வெள்ளிபோல மின்னும் அதன் அலுமினிய உடம்பு வந்தது பிறகுதான். சறுக்கு விமானங்கள் கட்டிய ஹாலி பௌலஸ் 1934ல் ரிவிட் அடித்த அலுமினிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 80 வண்டிகளோடு அவர் கடை மூடியது. அந்த உருவத்தைத் தழுவி 1936ல் பையாம் கொண்டுவந்ததுதான் 'கிளிப்பர்'. விலை 1,200 டாலர். அன்றைக்கு ஒரு சாதாரண ஃபோர்டு காரின் விலையைப் போல அது இரு மடங்கு.

1930களின் நடுவில் இந்தத் தொழில் பொங்கி வழிந்தது. நூற்றுக்கணக்கான பேர் வண்டி செய்யத் தொடங்கினார்கள். ரோஜர் பாப்சன் என்ற புகழ்பெற்ற பொருளாதாரக் கணிப்பாளர், இன்னும் 20 ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் டிரெய்லரில்தான் குடியிருப்பார்கள் என்றே சொல்லிவிட்டார். 1937ல் சந்தை படுத்துவிட்டது. தேவைக்கு மேல் கட்டி வைத்தவர்கள் வரிசையாகக் கடையை மூடினார்கள். பண்டிகை விற்பனையை நம்பி அளவுக்கு மீறிச் சரக்கு எடுத்துப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உலகப் போர் முடிந்ததும் விமானத் தொழிற்சாலைகளிடம் அலுமினியமும் ஆட்களும் மிஞ்சியிருந்தார்கள். துல்சா நகரில் எண்ணெய்ச் செல்வந்தர் பால் கெட்டியின் ஸ்பார்ட்டன் விமானக் கம்பெனி, விமானத்தை விட்டுவிட்டு அலுமினிய வீட்டு வண்டி செய்தது. மறுபக்கம் வீட்டுத் தச்சர்களின் காலமும் திரும்பியது. 1947ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை கண்ணீர்த் துளி வண்டியின் வரைபடத்தை வெளியிட்டது. 4 அடிக்கு 8 அடி பிளைவுட் பலகையை அப்படியே தரையாகப் போட்டுவிடலாம், கழிவே விழாது. அதைப் பார்த்துத் தங்கள் கொட்டகையில் வண்டி கட்டியவர்கள் ஏராளம். 1957ல் பென்சில்வேனியாவின் 'ஸ்காட்டி'யும் ஒரு தனி மனிதர் தன் கொட்டகையில் கட்டிய வண்டியிலிருந்து வந்ததுதான். 1968ல் கனடாவின் வின்னிபெக் நகரில் வந்த 'போலர்' முட்டை வண்டியின் கதை இன்னும் வேடிக்கை. கண்ணாடி இழையில் கழிவுநீர்த் தொட்டி வார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டு பாதிகளை ஒட்டும் அதே வித்தையில் வண்டியை வார்த்துவிட்டார்!

அடையாளம் காண்பது எப்படி?

இனி நம் தொழிலுக்கு வருவோம். பழைய வண்டி ஒன்று முன்னால் நிற்கிறது. அது என்ன, எந்த ஆண்டினது என்று எப்படிச் சொல்வது? நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: உருவம். ரொட்டியா, டப்பாவா, துளியா, முட்டையா என்று பார்த்தாலே காலம் பாதி தெரிந்துவிடும்.

இரண்டு: மேல்தோல். போருக்கு முன் வந்த பல வண்டிகளில் மரச்சட்டத்தின் மீது அழுத்திய மரத்தூள் பலகையோ செயற்கைத் தோலோ இருக்கும். போருக்குப் பின் பெரும்பாலும் அலுமினியத் தகடு.

மூன்று: எண். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் போல, காரோடு பூட்ட இரும்புச் சட்டம் முன்னால் நீண்டிருக்கும். பல வண்டிகளில் அதன் மீது எண்ணைக் கொத்தியிருப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். 17 எழுத்து எண் என்ற ஒரே முறை 1981 முதல்தான் வந்தது. பழைய வண்டி என்று சொல்லி 17 எழுத்து இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நான்கு: சில்லறைச் சாமான்கள். இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஜன்னலில் 'ஹெர்' என்று இருக்கும், கதவுப் பூட்டில் 'பார்க்மன்' என்று இருக்கும். அதை வண்டியின் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவை ஜன்னலும் பூட்டும் செய்து எல்லா வண்டிக் கம்பெனிக்கும் விற்றவர்களின் பெயர்கள். சாக்குக் கம்பெனியின் பெயரைப் படித்துவிட்டு அதையே அரிசி ஆலையின் பெயர் என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா?

ஐந்து: கம்பெனியின் கைமுத்திரை. சாஸ்டா வண்டிகளின் பின்பக்கத்தில் இரு சிறகுகள் இருக்கும். ஏர்ஸ்ட்ரீமின் நெற்றியில் பெரிய சிவப்பு எண்கள் இருந்தால் அவை கம்பெனி போட்டவை அல்ல. 1955ல் தொடங்கிய அதன் உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர் எண்கள்.

ஆறு: வீட்டில் செய்த வண்டி. இதில் எண் இருக்காது, கம்பெனிப் பெயர் இருக்காது. அச்சும் சக்கரமும் ஏதோ பழைய காரினுடையதாக இருக்கும். ஜன்னலும் கீலும் வீட்டு ஜன்னல், வீட்டுக் கீல். திருகாணிகள் பல ஜாதி. அளவெல்லாம் பிளைவுட் பலகையின் அளவில் ஓடும். உள்ளே மரத்தில் பென்சில் கோடுகள் அழியாமல் இருக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அச்சு 1930ஆம் ஆண்டு காரினுடையது என்பதால் வண்டியும் 1930 ஆகிவிடாது. அதற்கு முன் கட்டியிருக்க முடியாது என்று மட்டும்தான் அது சொல்லும்.

ஏழு: உள்பதம். டப்பா வண்டிகளின் சுவருக்குள் மெல்லிய மரச்சட்டம்தான் இருக்கிறது. கூரை ஓரத்திலும் ஜன்னல் சந்திலும் வைத்த பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கி, கீழ் மூலைகளில் தேங்கி, மரத்தை உளுக்க வைத்துவிடும். வெளித்தகடு மட்டும் பளபளவென்று இருக்கும். அலுமினியச் சட்டத்தில் கட்டிய ஏர்ஸ்ட்ரீமுக்கும் தரைப்பலகை மரம்தான். அதன் பின்மூலையையும் அழுத்திப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

வெள்ளையடித்த வண்டி

மாப்பிள்ளை முதலில் கூட்டிப்போனது பெயர் பெற்ற கம்பெனி வண்டி ஒன்றைப் பார்க்க. 1960களின் டப்பா வண்டி. உள்ளும் புறமும் புதிதாக வெள்ளை அடித்து, பூப்போட்ட திரைச்சீலை தொங்கவிட்டு, பார்க்கக் கல்யாண வீடு போல இருந்தது. விலை 14,000 டாலர். மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. பேத்தி ஏறி மெத்தையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் உள்ளே காலை வைத்ததும் ஒரு வாடை அடித்தது. மழைக்காலத்தில் கிடங்கின் அடி அடுக்கில், தரை ஈரம் ஏறிய சாக்கைப் புரட்டும்போது வருமே, அந்த வாடை. அதற்கு மேல் வாசனைத் திரவியம் வேறு தெளித்திருந்தார்கள். 41 வருடம் கல்லாவில் உட்கார்ந்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் போகுமா? மெத்தையைத் தூக்கச் சொன்னேன். மூலைச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. பெயிண்ட் மட்டும்தான் அங்கே சுவராக நின்றுகொண்டிருந்தது. விற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிளகில் பப்பாளி விதை கலப்பதும் பருப்புக்குச் சாயம் ஏற்றுவதும் கலப்படம் என்றால், இற்றுப்போன மரத்தின் மீது வெள்ளையடித்து 'புதுப்பித்த பழைய வண்டி' என்று விற்பதும் கலப்படம்தான். பழைய பொருள் மோகம் வந்த பிறகு இப்படி வாங்கி, மேற்பூச்சுப் பூசி, மூன்று மடங்குக்குத் தள்ளிவிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாணயமாக மரத்தை மாற்றி, சட்டத்தைச் சீர்செய்து, படம் எடுத்து வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விலை கூடுதல்தான், ஆனால் அது நியாயமான கூடுதல்.

அன்று இரவு மகள் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. "மாமா இல்லேன்னா 14,000 டாலர் போயிருக்கும்" என்று மாப்பிள்ளை எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை மறைக்கவில்லை.

பெயர் இல்லாத வண்டி

அடுத்த வாரம் இன்னொரு வண்டி பார்க்கப் போனோம். கிராமப்பக்கம் ஒரு தோட்ட வீடு. எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. தகப்பனார் 1952ல் தன் கையால் கட்டிய கண்ணீர்த் துளி வண்டி என்று சொன்னார். கொட்டகைக்குள்ளேயே நின்றதால் மழை படவில்லை. வெளித்தோல் அலுமினியம் மங்கிப்போயிருந்தது. மட்கார்டு இரண்டும் ஏதோ பழைய காருடையவை. கம்பெனிப் பெயர் இல்லை, எண் இல்லை. விலை 700 டாலர்.

பழக்கதோஷத்தில் மூலைகளை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். காய்ந்த மரத்தின் வாசனைதான். பின்கதவைத் தூக்கியதும் நான் அசந்துவிட்டேன். அலமாரித் தட்டுகளின் உயரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஏன் என்று கேட்டோம். காபி டப்பாவுக்கு ஒரு தட்டு, சூப் டப்பாவுக்கு ஒரு தட்டு, மாவுப் பைக்கு ஒரு தட்டு என்று டப்பாவை வைத்து அளந்தே செய்தாராம். கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் இருந்தது. காபி, சர்க்கரை, உப்பு, மாவு, தீப்பெட்டி. அந்த அம்மாவின் தாயார் எழுதியது. எழுபது வருடத்துக்கு முந்தைய மளிகைச் சிட்டை! நம் கடைக்கு வரும் சிட்டைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

மாப்பிள்ளை தயங்கினார். "மாமா, இதுக்குக் கம்பெனி பேரே இல்லையே. நம்பரும் இல்லை. நாளைக்கு விக்கணும்னா யார் வாங்குவாங்க?" என்று தமிழில் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த மாதிரி வண்டிக்கு அரசாங்கத்திடம் விண்ணப்பித்தால் 'வீட்டில் செய்தது' என்று பதிந்து ஓர் எண் கொடுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் சரக்கு நயம் என்பது அப்போதே எனக்குத் தெரியும். குத்தூசி போட்டுப் பார்த்த மூட்டை போல உறுதியாகத் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை காசு, நாம் ஏன் இதை வாங்கு என்று சொல்ல வேண்டும் என்ற சங்கடம் ஒன்று. நாளைக்கு ஏதாவது பழுதானால் பழி நம் மீது வருமே என்ற பயம் ஒன்று. "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, மனசு கேட்காமல் மாப்பிள்ளையை மறுபடி அழைத்துக்கொண்டு போனேன். அடிச்சட்டமும் சக்கரமும் மட்டும் முற்றத்தில் நின்றன. மேலே பலகை போட்டு விறகு அடுக்கியிருந்தார்கள். அலுமினியத் தகடுகள் மடங்கி, காயலான் கடைக்குப் போகத் தயாராகக் கொட்டகை ஓரத்தில் கிடந்தன. விறகு வண்டிக்காக உறவுக்காரர் ஒருவர் கேட்டாராம், கொடுத்துவிட்டாராம். "நீங்கள் வந்து அவ்வளவு நேரம் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டீர்கள். அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்று அந்த அம்மா சொன்னதை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தார். அந்தப் பட்டியல் எழுதிய கதவு என்னவாயிற்று என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

நான் சொல்ல வருவது

கெட்டதைக் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல வரவில்லை. இது என் ஒருவனுடைய குறை மட்டுமல்ல, நம் தொழிலின் குறையும்கூட என்று நினைக்கிறேன். சரக்கில் குற்றம் கண்டுபிடித்தால் விலை இறங்கும், அதனால் குற்றம் கண்டுபிடிக்கவே பழகியிருக்கிறோம். நல்ல சரக்கைப் பார்த்தால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாங்கும் நேரத்துக்கு அது சரி. எல்லா நேரத்துக்கும் அதுவே பழக்கமானால் நல்ல பொருள் நம் கண் முன்னாலேயே விறகு வண்டியாகிவிடும். அடையாளம் காண்பது பாதி வேலைதான். கண்டதை வாய்விட்டுச் சொல்வது மீதிப் பாதி.

"வீட்டில் செய்ததெல்லாம் உயர்த்தியா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. வீட்டில் செய்த வண்டிகளில் ஆபத்தானவையும் உண்டு. மொத்த எடையில் 100க்கு 10 முதல் 15 பங்கு முன்கொக்கியில் இறங்க வேண்டும் என்பது கணக்கு. பின்பாரம் கூடிவிட்டால் வேகத்தில் வண்டி வால் ஆட்டும், காரையும் சேர்த்துக் கவிழ்க்கும். பற்றவைப்பு பலவீனமாக இருந்தால் நடுச்சாலையில் கழன்றுவிடும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பாராட்டச் சொல்லவில்லை. பெயர் இருப்பதற்காக 14,000 கொடுப்பதும் பெயர் இல்லாததற்காக 700 கொடுக்க மறுப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டு இடத்திலும் நாம் பலகையைத்தான் படிக்கிறோம், பொருளைப் பார்க்கவில்லை.

இண்டியானா மாநிலம் எல்க்ஹார்ட் நகரில் இந்த வண்டிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. ஊர் திரும்புவதற்கு முன் அங்கே போனோம். 1913ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு வண்டித் தச்சர், ஒரு பேராசிரியருக்காகத் தனியாகச் செய்து கொடுத்த வண்டி அங்கே மரியாதையாக நிற்கிறது. ஒரு காலத்தில் அதையும் யாரோ ஒருவர் "இது நல்ல பொருள், உடைக்காதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல ஓர் ஆள் இருந்த வண்டி காட்சிசாலைக்குப் போயிற்று. நான் வாய் மூடி நின்ற வண்டி விறகு சுமக்கிறது.

நம் கடைப் படியிலும் இது நடக்கிறது. ஓர் அம்மா வீட்டில் இட்ட வடகமும் அப்பளமும் கொண்டுவந்து கேட்கிறார். கையில் எடுத்ததுமே நயம் என்று நமக்குத் தெரிகிறது. "கம்பெனிப் பெயர் இல்லையே அம்மா, ஓடாது" என்று திருப்பி அனுப்புகிறோம், அல்லது அடிமாட்டு விலைக்குக் கேட்கிறோம். பதிவும் லேபிளும் இல்லாமல் விற்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் "சரக்கு நன்றாக இருக்கிறது, பதிவு எண் வாங்கிக்கொண்டு வாருங்கள், இன்ன அலுவலகத்துக்குப் போங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த ஒரு வார்த்தை இல்லாததால் எத்தனை அடுப்புகள் அணைந்துபோயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை 2023ல் பத்திரிகை வரைபடம் ஒன்றைத் தேடி எடுத்து, தன் கார் கொட்டகையில் தானே கண்ணீர்த் துளி வண்டி கட்டத் தொடங்கினார். தொலைபேசியில் காட்டினார். பின்கதவு அலமாரிக்குத் தட்டு எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று என்னைக் கேட்டார். இந்த முறை நான் தயங்கவில்லை. சாம்பார்ப் பொடி டப்பாவை எடுத்து வைத்து அளக்கச் சொன்னேன்.